வீட்டில் வண்டி வேலை பார்க்கையில் எஞ்சினுக்குச் சேதம் நேர்ந்தால் என்ன செய்வது?

வீட்டு வாசலில் வைத்தே ஆயில் மாற்றவும், பிளக்கைக் கழற்றித் துடைக்கவும், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யவும் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் மதுரை வட்டாரத்து வாசகர்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இங்கே பெரும்பாலான வீடுகளில் நிற்பவை ஸ்பிளெண்டர், ஷைன், பல்சர், எக்ஸ்எல் போன்ற ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள். இவற்றின் எஞ்சின் உறை அலுமினியக் கலவையில் வார்க்கப்பட்டது. அதற்குள் முறுக்கப்படும் போல்ட்டுகளோ எஃகால் ஆனவை. இரண்டும் மோதினால் தோற்பது பெரும்பாலும் அலுமினியம்தான். ஆகையால் புதிதாகக் கற்றுக்கொள்பவர் கையில் நேரும் சேதங்களில் பெரும்பாலானவை மரை (திருகு வரி) கெடுவது, போல்ட் முறிவது, உறையின் விளிம்பு கீறப்படுவது என்ற வகையிலேயே இருக்கும்.

இவை எதுவும் நேர்ந்த கணத்தில் பெரிய சேதங்கள் அல்ல. மரை கெட்ட துளையை ஒரு நல்ல லேத் பட்டறையில் அரை நாளில் சரிசெய்துவிடலாம். ஆனால் மரை கெட்டது தெரிந்த பிறகும் போல்ட்டை இன்னும் இரண்டு சுற்று முறுக்கிப் பார்ப்பது, உள்ளே ஏதோ விழுந்துவிட்டது என்று தெரிந்தும் ஒரு முறை கிக்கரை மிதித்துப் பார்ப்பது, ஆயில் ஊற்ற மறந்ததை உணர்ந்த பிறகும் தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பது ஆகிய செயல்களே சில நூறு ரூபாய் வேலையை எஞ்சினைப் பிரிக்கும் வேலையாக மாற்றுகின்றன. சேதம் நேர்ந்ததற்கும் அடுத்த செயலுக்கும் இடையே என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

முதலில் கையை எடுங்கள்

போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே போனாலோ, ஸ்பேனரில் திடீரென்று எதிர்ப்பு விட்டுப்போனாலோ, உள்ளே ஏதோ விழுந்த ஓசை கேட்டாலோ, அந்த இடத்திலேயே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட வேண்டும். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் வேறு யாரேனும் வந்து, வண்டியில் வேலை நடக்கிறது என்று அறியாமல் ஸ்டார்ட் செய்துவிடாமல் இருக்க இந்த இரண்டும் போதுமானவை.

அடுத்து, திறந்திருக்கும் துளை எதுவானாலும் நூல் உதிராத சுத்தமான துணியால் மூடுங்கள். துணி உள்ளே போய்விடாத அளவுக்குப் பெரியதாகவும், அதன் நுனி வெளியே தெரிவதாகவும் இருக்க வேண்டும். பிறகு செல்போனில் படம் எடுங்கள். துளையை நேராகவும் பக்கவாட்டிலும், கழன்று வந்த போல்ட்டைத் தனியாகவும் எடுத்துவைத்தால், பின்னர் லேத் பட்டறைக்காரரிடமோ மெக்கானிக்கிடமோ விளக்குவது எளிதாகும்.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியது கணக்கெடுப்பு. எத்தனை போல்ட் கழற்றினீர்கள், எத்தனை வாஷர், எத்தனை நட்டு, இப்போது தரையிலும் தட்டிலும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முறிந்த போல்ட்டானால் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பார்த்து முழு நீளம் வருகிறதா என்று சரிபாருங்கள். ஒரு வாஷர் குறைந்தாலும், அது கிடைக்கும் வரை எஞ்சினுக்குள் இருக்கிறது என்றே கருத வேண்டும். இதை மிகையான எச்சரிக்கை என்று நினைக்க வேண்டாம். பல்சக்கரங்களுக்கிடையே சிக்கும் ஒரு சிறிய வாஷர் எஞ்சின் உறையையே உடைத்துவிடக் கூடியது.

ஆயில் வடிகால் போல்ட்டின் மரை கெட்டால்

புதியவர்கள் கையில் அதிகமாக நேரும் சேதம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எஞ்சினின் அடியில் இருக்கும் வடிகால் போல்ட், ஜப்பானிய வடிவமைப்பை ஒட்டிய பல சிறிய வண்டிகளில் 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் கொண்டது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் முறுக்குவிசை 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்; உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவே முடிவானது. 30 நியூட்டன் மீட்டர் என்பது 15 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 20 கிலோ எடையளவு அழுத்தம் கொடுப்பதாகும். அதே அழுத்தத்தை 30 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியில் கொடுத்தால் முறுக்கு இரண்டு மடங்காகிவிடும். நீளமான கைப்பிடி வேலையை எளிதாக்குவதுபோலத் தோன்றினாலும், இந்தப் போல்ட்டைப் பொறுத்தவரை அது மரைக்குப் பகை.

மரை கெடுவதற்கு இன்னொரு காரணம் வாஷர். வடிகால் போல்ட்டின் செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கி இடைவெளியை அடைப்பதற்காகவே வைக்கப்படுவது. ஒரு முறை நசுங்கிய வாஷர் மறுமுறை அதே போல அடைக்காது. பழைய வாஷரையே போட்டால் ஆயில் கசியும். கசிவதைக் கண்டு இன்னும் முறுக்குவார்கள். அப்படி இரண்டு மூன்று ஆயில் மாற்றங்களுக்குப் பிறகு மரை விட்டுவிடும். மிகக் குறைந்த விலையுள்ள அந்த வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்றினால் இந்தப் பகுதியைப் படிக்கவே வேண்டியிராது.

மரை கெட்டதை அறிவது எளிது. போல்ட் இறுகுவதுபோல வந்து, பிறகு தளர்ந்து, சுற்றிக்கொண்டே போகும். கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் மரைப் பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் அலுமினியச் சுருள் ஒட்டியிருக்கும். அப்போது செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

போல்ட்டை நன்றாகத் துடைத்து, அதன் மரை மட்டும் கெட்டிருக்கிறதா, துளையின் மரையும் போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். போல்ட் மட்டும் கெட்டிருந்தால் அதே அளவில் புதியதை வாங்கிப் போட்டால் போதும். துளையில் வெளிப்பக்க மரை மட்டும் போய், உட்பக்கத்தில் சில சுற்றுகள் நல்ல நிலையில் எஞ்சியிருந்தால், சற்று நீளமான போல்ட் அந்த மரையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நீளமான போல்ட்டின் நுனி உள்ளே எதிலும் முட்டவில்லை என்பதை ஒரு மெல்லிய குச்சியால் ஆழம் அளந்து உறுதிசெய்துகொண்ட பிறகே அதைப் போட வேண்டும்.

துளை முழுவதும் மரை போயிருந்தால் வழிகள் மூன்று. முதலாவது, தானே மரை வெட்டிக்கொண்டு ஏறும் சற்றுப் பருமனான போல்ட். உதிரி பாகக் கடையில் கேட்டவுடன் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது வெட்டும் அலுமினியச் சீவல் எஞ்சினுக்குள் விழும், போல்ட் கோணலாக ஏறினால் வாஷர் ஒரு பக்கம் மட்டுமே பதியும், அடுத்த முறை பழுது பார்ப்பதற்குத் துளையைச் சுற்றி உலோகமும் மிஞ்சாது. இரண்டாவது ஹெலிகாயில், அதாவது எஃகுக் கம்பிச் சுருளாலான புதிய உள்மரை. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டேப் என்னும் மரை வெட்டும் கருவியால் மரை வெட்டி, சுருளை உள்ளே ஏற்றினால் பழைய அளவுப் போல்ட்டையே போடலாம். மூன்றாவது, லேத்தில் கடைந்த புஷ் (உலோகக் குழல்) ஒன்றைத் துளைக்குள் ஏற்றி, அதனுள் மரை போடுவது. வடிகால் போல்ட் அடிக்கடி கழற்றப்படுவது என்பதால், கெட்டியான புஷ்ஷே நீண்ட நாள் உழைக்கும் என்பது என் கணிப்பு. துளையைச் சுற்றி உறையே விரிசல் விட்டிருந்தால் மட்டும் ஆர்கான் வெல்டிங் தேவைப்படும். அது வீட்டில் செய்யும் வேலையன்று.

ஹெலிகாயில் போடுவதற்கான கருவிப் பெட்டி விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் முதன்முறையாகச் செய்பவர் அதை வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு கைத்துளைப்பானால் செய்வது எனக்கு உடன்பாடில்லை. துளை செங்குத்தாக விழாவிட்டால் எல்லாம் வீண். அப்படியே செய்வதாக இருந்தால், டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொண்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்றுப் பின்னால் என்று மெதுவாக வெட்டி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். சீவல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். முடிந்த பிறகு துளையைத் திறந்தே வைத்து, ஆயில் ஊற்றும் வாய் வழியாக அரை லிட்டர் விலை குறைந்த புது ஆயிலை ஊற்றி வடியவிட வேண்டும். உள்ளே சீவல் எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று காந்தத்தை விட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. உங்கள் வண்டியில் ஆயில் வலை தனியாகக் கழற்றும்படி இருந்தால் அதையும் கழற்றிப் பார்த்துக் கழுவுவது நல்லது.

ஒன்றை மட்டும் எந்நிலையிலும் செய்யாதீர்கள். குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டேப்பைப் போல்ட்டில் சுற்றியோ, எம்-சீல் அப்பியோ, பட்டறை வரை ஓட்டிச் சென்றுவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். வடிகால் துளை பின்சக்கரத்துக்கு முன்னால், அதன் பாதையிலேயே இருக்கிறது. போல்ட் விழுந்தால் ஆயில் முழுவதும் பின் டயரில் தெறிக்கும். ரிங் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அது நேர்ந்தால் எஞ்சின் பற்றிய கவலை இரண்டாவதாகிவிடும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடித்து ஏற்றிக்கொண்டு போங்கள்.

பிளக் துளையில் நேரும் சேதங்கள்

பிளக்கின் மரை வடிகால் போல்ட்டின் மரையைவிட நுட்பமானது. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் அது 10 மி.மீ. விட்டமே உடையது, அதற்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கே போதும். புதிய பிளக்கானால் விரலால் முழுவதும் ஏற்றிய பிறகு ஸ்பேனரால் ஏறக்குறைய அரைச் சுற்று. முன்பே பயன்படுத்திய பிளக்கானால் அதன் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது கடிகாரத்தின் மணி முள் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம் மட்டுமே.

பிளக் கோணலாக ஏறினால் ஒன்று இரண்டு சுற்றிலேயே இறுகிவிடும். அங்கேயே நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றி எடுத்துவிட்டால் பெரும்பாலும் மரையின் முதல் சுற்று மட்டுமே நசுங்கியிருக்கும். பிளக்கின் மேல் நுனியில் சிறிய ரப்பர் குழாயை மாட்டி, அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு மீண்டும் ஏற்றிப் பாருங்கள். மரை சரியாகப் பிடிக்காவிட்டால் குழாய்தான் வழுக்குமே தவிர மரை கெடாது. இதை முதலிலிருந்தே பழக்கமாக வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. முதல் சுற்று நசுங்கியிருந்தால் அதே அளவு மரை சீராக்கும் டேப்பில் கிரீஸ் தடவி, கையால் மட்டும் திருகிச் சீர்செய்யலாம். அதற்கு முன்னர், வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் அழுத்தக் கட்டத்தில் பிஸ்டனை மேலே கொண்டுவந்துவிட வேண்டும். அப்போதுதான் விழும் துகள் பிஸ்டனின் தலையிலேயே தங்கும், அதை மெல்லிய குழாய் பொருத்திய வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்க முடியும். மரை முழுவதும் போயிருந்தால், ஹெட்டை, அதாவது சிலிண்டரின் தலைப்பகுதியை, கழற்றி லேத்துக்குக் கொண்டுபோவதே நேர்மையான வழி. ஹெட் கழற்றாமலேயே முடித்துத் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால், சீவலை எப்படி வெளியே எடுப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

துளைக்குள் ஏதேனும் விழுந்துவிடுவது இன்னொரு வகை. நட்டு, ஸ்க்ரூ, பிளக்கின் பீங்கான் துண்டு என்று எது விழுந்தாலும் எஞ்சினைச் சுழற்றக் கூடாது. கிக்கரை மிதிப்பது மட்டுமல்ல, கியரில் இருக்கும் வண்டியைத் தள்ளுவதும் எஞ்சினைச் சுழற்றும் என்பதை மறக்க வேண்டாம். நியூட்ரலில் போட்டுவிட்டு அப்படியே நிறுத்துங்கள். பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே மிகக் குறுகிய இடைவெளியே இருக்கும். அங்கே ஒரு நட்டு அகப்பட்டால் பிஸ்டன் பள்ளம் விழும், வால்வு வளையும். எஃகுப் பொருளானால் நீளும் கைப்பிடியுள்ள மெல்லிய காந்தக் குச்சியால் எடுத்துவிடலாம். காந்தத்தில் ஒட்டாத பொருளானால் குச்சியின் நுனியில் கெட்டியான கிரீஸை வைத்து ஒட்டியெடுத்துப் பார்க்கலாம். செல்போனில் இணைக்கும் ஒல்லிக் கேமரா இப்போது மலிவாகவே கிடைக்கிறது. உள்ளே இருப்பது எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டு வேலை செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இவற்றால் வராவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

நம் பகுதியில் நட்டைவிட அதிகமாக உள்ளே விழுவது மண். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசல் மண் மழையில் எஞ்சின் துடுப்புகளுக்கிடையே அப்பி, காய்ந்த பிறகு கட்டியாக நிற்கும். மேலூர்ப் பக்கம் கிரானைட் கல்லின் தூசு படியும். அது மென்மையான புழுதியன்று, அலுமினியத்தைச் சீவும் கடினமான துகள். பிளக்கைக் கழற்றும்போது அதன் அடியில் சேர்ந்திருப்பது நேராகச் சிலிண்டருக்குள் போகும். ஆகவே பிளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, சைக்கிள் பம்பால் சுற்றிலும் நன்றாக ஊதிய பிறகே முழுவதும் கழற்ற வேண்டும். மண் உள்ளே விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டால், அது சிறிதளவுதான் என்று விட்டுவிடாமல் உறிஞ்சி எடுங்கள். சிலிண்டர் சுவரில் அது போடும் கீறல் உடனே தெரியாது. சில மாதங்கள் கழித்து நீலப் புகையாகத்தான் தெரியவரும்.

போல்ட் முறிந்து உள்ளே நின்றுவிட்டால்

எஞ்சினின் பக்கவாட்டு மூடிகளான கிளட்ச் கவரையும் மேக்னட் கவரையும் பிடித்திருப்பவை 6 மி.மீ. போல்ட்டுகள். 10 நியூட்டன் மீட்டரே அவற்றுக்குப் போதும் என்பதால், பெரிய கைப்பிடியுள்ள ராட்செட்டைக் கொண்டு இவற்றை இறுக்கவே கூடாது. முறிந்துவிட்டால் உடனே துளைப்பானைத் தேட வேண்டியதில்லை. மற்ற போல்ட்டுகளை எல்லாம் கழற்றிக் கவரை வெளியே எடுத்துப் பாருங்கள். கவரின் தடிமன் அளவுக்கு முறிந்த போல்ட்டின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. தலை போய்விட்டதால் அதன் மேலிருந்த இழுவிசையும் போயிருக்கும். அப்போது வைஸ் கிரிப் என்னும் பூட்டுக் குறடால் பிடித்து மெதுவாகத் திருப்பினாலே பல நேரங்களில் வந்துவிடும்.

வராவிட்டால் துருவிளக்கும் திரவத்தை அடித்துவிட்டு ஓர் இரவு விட்டுவையுங்கள். மறுநாள் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடுகாட்டும் துப்பாக்கியால் சூடாக்குங்கள். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் துளை போல்ட்டின் பிடியை விட்டுக்கொடுக்கும். பெட்ரோல் குழாயையும் டேங்கையும் முன்னதாகவே அகற்றிவிட வேண்டும் என்பதையும், நெருப்புச் சுடரைப் பயன்படுத்தவே கூடாது என்பதையும் தனியாக வலியுறுத்துகிறேன்.

உறையின் மட்டத்திலேயோ அதற்குக் கீழேயோ முறிந்திருந்தால் வேலையைக் கைமாற்றிவிடுங்கள். துளையிட்டு எதிர்மரைக் கருவியை ஏற்றித் திருகும் முறை எளிதாகத் தோன்றும். ஆனால் அந்தக் கருவி கடினமான எஃகால் ஆனது. ஒல்லியான 6 மி.மீ. போல்ட்டுக்குள் அது இன்னும் ஒல்லியாக இருக்கும், சற்றே சாய்ந்தால் முறிந்துவிடும். முறிந்த பிறகு சாதாரண டிரில்லால் அதைத் துளைக்க முடியாது. மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள இடத்துக்கு எஞ்சின் உறையையே கழற்றிக் கொண்டுபோக வேண்டிவரும். வெல்டிங் தெரிந்தவர் முறிந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு செய்து, அந்த நட்டைத் திருப்பி எடுத்துவிடுவார். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். அப்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமல்ல. நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால் அடி முட்டி உறை விரிசல் விடும். குட்டையானதை ஆழத் துளையில் போட்டால் இரண்டு மூன்று மரையில் மட்டும் தொங்கி, அந்த மரையை உருவிக்கொண்டு வரும். ஓர் அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, கழற்றும் போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்திவைப்பது இதற்குப் போதுமான தடுப்பு.

ஆயில் இல்லாமல் எஞ்சின் ஓடிவிட்டால்

பழைய ஆயிலை வடித்துவிட்டு, இடையில் யாரோ கூப்பிட்டதில் புதியதை ஊற்ற மறந்து ஸ்டார்ட் செய்துவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதே. கவனித்த கணத்தில் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து ஓசையைக் கேட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

எவ்வளவு நேரம் ஓடியது, எந்த வேகத்தில் ஓடியது என்பதைப் பொறுத்தே மற்றவை. நின்ற நிலையில் மெதுவாகச் சில வினாடிகள் ஓடியிருந்தால், உள்ளே ஒட்டியிருந்த பழைய ஆயில் படலம் காப்பாற்றியிருக்கக்கூடும். சாலையில் சுமையோடு ஓடியிருந்தால் நிலைமை வேறு. முதலில் அடிபடுவது பெரும்பாலும் ஹெட்டில் இருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் அதன் தாங்கு பரப்புகளும், பிறகு பிஸ்டனும் சிலிண்டரும்.

எஞ்சின் முழுவதும் ஆறட்டும். சித்திரை வைகாசி வெயிலில் அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆறிய பிறகு சரியான அளவு ஆயிலை ஊற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திச் சுழற்றுங்கள். எங்கும் உரசாமல் சீராகச் சுழன்றால் இன்னும் பல முறை அப்படியே சுழற்றி ஆயில் பம்ப் மேலே வரை ஆயிலை ஏற்ற வழிசெய்யுங்கள். ஓரிடத்தில் இறுக்கமாகப் பிடித்தால் அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் பிஸ்டன் சிலிண்டரைக் கீறும். சீராகச் சுழன்ற எஞ்சினைப் பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஹெட்டிலிருந்து புதிதாகத் தட்டும் ஓசை வந்தால் அது கேம் பகுதியின் தேய்மானத்தைக் காட்டும்.

பிறகு அந்த ஆயிலை வடித்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டிப் பாருங்கள். துணியில் மின்னும் துகள் தங்கினால் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகு; பல்சக்கரம், கேம், ரிங் போன்றவற்றிலிருந்து வந்திருக்கலாம். ஒட்டாமல் வெள்ளியாக மின்னினால் பிஸ்டனோ ஹெட்டோ உரசியிருக்கிறது. செம்பு நிறமானால் ஏதோ ஒரு புஷ் தேய்ந்திருக்கிறது. இந்தத் துணியையே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டலாம். எஞ்சினை எங்கிருந்து பிரிக்கத் தொடங்க வேண்டும் என்பதை அது அவருக்குச் சொல்லிவிடும்.

ஆயில் அதிகமாக ஊற்றிவிட்டால் பதற வேண்டியதில்லை. அளவுக் குச்சியின் மேல்கோட்டுக்கு வரும்வரை வடித்துவிட்டு, மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்கு ஆயில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கார் ஆயிலை ஊற்றிவிட்டால் உடனே எஞ்சின் கெடாது. ஆனால் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கியிருப்பதால், உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கொண்ட ஆயிலில் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். வடித்துவிட்டு, டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று குறித்திருக்கும் ஆயிலை ஊற்றுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் விட வேண்டாம். செல்லூரில் விட்டால் பந்தல்குடி வாய்க்கால் வழியாக அது வைகையில்தான் போய்ச் சேரும். டப்பாவில் பிடித்துப் பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கேஸ்கட் முகமும் டைமிங்கும்

ஒட்டிக்கொண்ட கவரை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கேஸ்கட் (கசிவை அடைக்கும் மெல்லிய தகடு) படியும் முகத்தில் பள்ளம் விழும். நகத்தால் தடவும்போது மட்டும் உணரக்கூடிய கீறலானால் புதிய கேஸ்கட்டோடு அனாபாண்ட் என்னும் அடைப்புப் பசையை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். தாராளமாக அப்பினால் உட்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, ஆயில் வலையை அடைக்கும். முகத்தின் குறுக்கே உள்ளிருந்து வெளிவரை போகும் ஆழமான பள்ளத்துக்கு வெல்டிங்கும் சமன்செய்தலும் தேவை.

கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் கேம் செயினைக் கழற்றியவர், மாட்டிய பிறகு கிக்கரை மிதிப்பதற்கு முன் பிளக் இல்லாமல் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுழற்ற வேண்டும். வழியில் கெட்டியாக எதிலாவது முட்டினால் அது வால்வும் பிஸ்டனும் சந்திக்கும் இடம். பின்னோக்கிச் சுழற்றிவிட்டு, வால்வையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் குறிகளை மறுபடி சேருங்கள். ஏற்கெனவே மிதித்துவிட்டு, இப்போது கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் லேசாக இறங்குகிறது என்றால் வால்வு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டைக் கழற்றாமல் அதைச் சரிசெய்ய முடியாது.

பட்டறைக்குப் போகும்போது

1911-இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மோட்டார் வாகனத் தொழிலைத் தொடங்கிய ஊர் மதுரை. கோ.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகள் உள்ள இவ்வூரில் அலுமினியத்தில் மரை போடத் தெரிந்த கை கிடைக்காமல் போகாது. ஆனால் வண்டி மெக்கானிக்கும் லேத்காரரும் வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள். மரை, புஷ், வெல்டிங் வேலைகளுக்கு லேத்; ஹெட், கேம், பிஸ்டன் வேலைகளுக்கு மெக்கானிக். எந்தப் பகுதியைக் கழற்றிக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே போய்க் கேளுங்கள். போகும்போது கெட்ட போல்ட்டையும், அதே அளவில் ஒரு புதிய போல்ட்டையும் வாஷரையும் கையில் கொண்டுபோங்கள். மரையின் இடைவெளியை ஊகிக்க வேண்டியிராது.

நடந்ததை முழுவதும் சொல்லுங்கள். “அண்ணே, ஆயில் மாத்தும்போது நான்தான் மரையைக் கெடுத்துட்டேன், அதுக்கப்புறம் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே இல்லை” என்று தொடங்கினால், அவர் எஞ்சினுக்குள் தேட வேண்டிய நேரம் மிச்சமாகும். கூச்சப்பட்டு மறைத்தால் அவர் தவறான இடத்தில் தேடுவார், அந்தக் கூலியும் உங்கள் கணக்கில்தான் சேரும். வாரண்டி முடியாத வண்டியானாலும் உண்மையையே சொல்ல வேண்டும். வீட்டில் செய்த வேலையால் நேர்ந்த சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது; வழக்கமான வாகனக் காப்பீடும் இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும், முதலில் ஐந்து நிமிடம் நின்ற நிலையில் ஓடவிட்டு, பழுது பார்த்த இடத்தின் அடியில் வெள்ளைக் காகிதத்தை வைத்துக் கசிவு பாருங்கள். அடுத்த சில நாட்களுக்கு நகருக்குள் மட்டும் ஓட்டி, தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவுக் குச்சியைப் பாருங்கள். சீவல் உள்ளே விழுந்திருக்கக்கூடிய வேலையாக இருந்தால், வழக்கமான ஆயில் மாற்றும் தூரம் வரை காத்திராமல் 300 கிலோமீட்டரிலேயே ஒரு முறை வடித்து, மேலே சொன்னபடி துணியில் வடிகட்டுங்கள். துணி சுத்தமாக இருந்தால் புதிய வாஷரைப் போட்டு, ஆயிலை ஊற்றி, வழக்கம்போல ஓட்டத் தொடங்கலாம்.